ஒரே இடத்தில் நின்று குரைத்த குரல்

மூங்கில் காட்டுச் சுனையோரம் ஒரு புள்ளிமான் தன் குட்டியோடு புதிதாகக் குடிவந்தது. முன்பு அது இருந்தது ஊரை ஒட்டிய புதர்க்காட்டில். அங்கே ஊர் நாய்கள் கூட்டமாக வந்து அதன் தலைக்குட்டியைக் கொன்றுவிட்டன. மலைமேல் நாயே கிடையாது என்று கேள்விப்பட்டுத்தான் ஏறி வந்திருந்தது.

முதல் இரவே மேட்டிலிருந்து ஒரு குரைப்பு கேட்டது. "பௌ!"

மான் பதறி எழுந்தது. குட்டியை முட்டி எழுப்பி, முள்ளென்றும் கல்லென்றும் பாராமல் ஓடியது.

விடிந்ததும் ஒரு நரி வந்தது. "என்ன தாயி, ராத்திரி அந்த ஓட்டம் ஓடினே?"

"நாய் குரைச்சதே, கேக்கலையா?"

அது நாயல்ல என்று நரிக்குத் தெரியும். முகத்தை நீளமாக வைத்துக்கொண்டது. "நாயேதான்! ஒரு கூட்டமே இருக்கு. ஒவ்வொண்ணும் கன்னுக்குட்டி உசரம்!"

அன்று பகல் முழுக்க நரி ராத்திரிக் குரல்களைச் சொல்லிக்கொடுத்தது. 'ஊம்' என்றால் ஆந்தை. 'டொக் டொக்' என்றால் பக்கிப் பறவை. ரம்பத்தால் மரம் அறுப்பதுபோல் வந்தால் சிறுத்தை. எல்லாம் சரியாகவே சொன்னது. ஒன்றில் மட்டும் பொய் வைத்தது. மற்றதெல்லாம் சரியாக இருந்ததால் மான் அதையும் நம்பியது.

அடுத்தடுத்த இரவுகளிலும் குரைப்பு, அடுத்தடுத்து ஓட்டம். குட்டியின் குளம்பு வெடித்துவிட்டது.

"அம்மா, கால் எரியுது!"

நரி உச்சுக் கொட்டியது. "பச்சப்புள்ளைய ஏன் தாயி இழுத்துக்கிட்டு ஓடுறே? புல்லுக்குள்ள படுக்க வை. குட்டிக்கு வாடை கிடையாது, நாய்க்குத் தெரியாது. நீ ஓடு, எல்லாம் உன் பின்னால வரும். புள்ளைய நான் பாத்துக்கிறேன்!"

"உனக்கு எதுக்குச் சிரமம்?"

"அக்கம்பக்கத்துல இருந்துக்கிட்டு இதுகூடச் செய்யலைன்னா எப்படி?"

அன்றிரவு "பௌ!" என்றதும் மான் தனியாக ஓடியது. ஓடையைத் தாண்டி மூச்சு வாங்க நின்றது. பின்னால் மறுபடி குரைப்பு. அதே இடம். இன்னொரு தரம். அப்போதும் அதே இடம்.

மானுக்கு உறைத்தது. 'துரத்துகிற நாய் நின்ற இடத்திலேயே நிற்குமா? ஒரு கூட்டத்துக்கே ஒரே தொண்டையா?'

அப்படியானால் நரி சொன்னது பொய். "ஐயோ, என் குட்டி!"

எந்தக் குரலுக்குப் பயந்து ஓடியதோ அதை நோக்கியே திரும்பி ஓடியது.

புல்லோரம் நரி வயிறு தரையில் உரசப் பதுங்கி நகர்ந்துகொண்டிருந்தது. மேலே பாறையில், மானைவிடக் குள்ளமாக, குட்டைக் கொம்போடு ஒரு பிராணி. பயத்தில் உடம்பு வெடவெடக்க, விடாமல் குரைத்துக்கொண்டிருந்தது.

மான் பாய்ந்து முன்னங்காலால் விட்டது ஓர் உதை!

"புள்ளைய பாத்துக்கத்தான் வந்தேன் தாயி!"

"பார்த்தது போதும்!"

அடுத்த உதையில் நரி சரிவில் உருண்டது. பிறகு அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை.

குட்டி புல்லுக்குள்ளிருந்து தலையை நீட்டியது. "அம்மா, ஓடணுமா?"

"வேண்டாம் கண்ணு. படு."

மான் பாறையை நிமிர்ந்து பார்த்தது. "தினமும் குரைச்சது நீயா? நீ நாய் இல்லையா?"

"நல்லாக் கேட்டீங்க அக்கா! நாய்க்குக் கொம்பு இருக்குமா? நான் கேளையாடு, பேருதான் ஆடு, நானும் மான் ஜாதிதான். நரியோ சிறுத்தையோ கண்ணுல பட்டா குரைக்கிறது எங்க வழக்கம். நீங்க வந்த நாள்லேர்ந்து இந்த நரி உங்களைத்தான் சுத்துது. 'புள்ளை பத்திரம்'னு நான் கத்தினா, நீங்க என்னடான்னா தலைதெறிக்க ஓடுறீங்க! எனக்குத் தொண்டையே கட்டிப்போச்சு!"

மலைக்கு வந்தபின் மான் முதல்முறையாகச் சிரித்தது. குட்டியின் காலை நக்கிக் கொடுத்து, பக்கத்திலேயே மடங்கிப் படுத்துக் கண்ணை மூடியது.

நம் பயத்தால் வயிறு வளர்ப்பவனிடம், நாம் எதற்குப் பயப்பட வேண்டும் என்று கேட்கக் கூடாது.