பன்னிரண்டாம் நம்பர் ஜாப்

“ஒரு ஆள் என் நாலு வருஷத்தையும் பாழாக்கிட்டாங்க, மேடம். பேரைச் சொல்ல மாட்டேன். அந்த ஆளுக்கே தெரியும்.”

வந்ததும் வராததுமாக இப்படித்தான் ஆரம்பித்தான் பவுன்ராஜ். மெக்கானிக்கல் கடைசி வருஷம். இன்டர்வியூவுக்குப் போட்ட சட்டையில் இஸ்திரி இன்னும் கலையவில்லை. முகம்தான் கலைந்திருந்தது.

ஜெசிந்தா மேடம் கல்லூரி ஒர்க்‌ஷாப்புக்குப் பொறுப்பு. அவனைவிட ஒன்பது வயதுதான் மூத்தவர். அதே கல்லூரியில் படித்து அங்கேயே வேலைக்கு வந்தவர்.

அவர் மேசை நிறைய இரும்புத் தகடுகள். முதல் வருஷப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் அரம் பிடித்து ராவி, ஒன்றுக்குள் ஒன்று பொருந்துகிற மாதிரி இரண்டு தகடு செய்து, தன் நம்பரைக் குத்திக் கொடுக்க வேண்டும். அதை ஃபிட்டிங் ஜாப், சுருக்கமாக ஜாப் என்பார்கள். அதற்குத்தான் மார்க் போட்டுக்கொண்டிருந்தார்.

உட்காரச் சொன்னார். அவன் உட்காரவில்லை.

நடந்ததைச் சொன்னான். வந்தது ஒரு பம்ப் கம்பெனி. மெக்கானிக்கல் படித்தவனை மெக்கானிக்கல் வேலைக்கே கூப்பிட்ட கம்பெனி இந்த வருஷம் அது ஒன்றுதான். கேள்வி எதற்கும் அவன் தடுமாறவில்லை. கடைசியில் அதிகாரி ஓர் இரும்புத் துண்டையும் அரத்தையும் கையில் கொடுத்து, ஒரே ஒரு விளிம்பை நேராக்கு என்றாராம்.

அரை மணி நேரம் ராவினான். விளிம்பு ஆமை முதுகாகிவிட்டது.

அதிகாரி மூலைமட்டத்தை அதில் வைத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தார். மட்டத்துக்கும் விளிம்புக்கும் நடுவே இரண்டு ஓரத்திலும் வெளிச்சம் கொட்டியது. ஃபிட்டிங்கில் எத்தனை மார்க் என்று கேட்டார். தொண்ணூற்றெட்டு என்றான்.

அவர் சிரித்திருந்தால்கூடத் தேவலை. சிரிக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை இன்னும் ஓர் இடத்துக்கு ஆள் எடுக்கிறோம், முடிந்தால் வா என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

மேடம் டீ கிளாஸை நகர்த்திவிட்டு, மேசையிலிருந்து ஒரு ஜாப்பை எடுத்து அவன் முன்னால் வைத்தார். பன்னிரண்டு என்று நம்பர் குத்தியிருந்தது. மற்றதற்கெல்லாம் மார்க் போட்டாகிவிட்டது. இதற்கு மட்டும் போடவில்லை.

“இதைத் தெரியுதா?”

மூலையில் அரிசி அளவுக்கு ஒரு கீறல். தெரியாமல் என்ன? முதல் வருஷத்தில் அவன் கொடுத்த ஜாப் இதுதான். ஒரு சீனியரிடம் வாங்கினான். பழைய நம்பரை ராவி அழித்துவிட்டு நாற்பத்தேழு என்று தன் நம்பரைக் குத்தினான். மார்க் வந்த பிறகு ஒரு ஜூனியருக்குத் தள்ளிவிட்டான். அவன் ஒரு செட் பரோட்டா என்றான், இவன் மூன்று என்றான், இரண்டில் முடிந்தது. அந்தக் கல்லூரியில் யாரும் இதைத் திருட்டு என்று சொல்வதில்லை. வழக்கம் என்பார்கள்.

அளந்து பார் என்றார் மேடம். வரைபடத்தில் தகட்டின் கனம் ஆறு மில்லிமீட்டர். நம்பர் குத்தின இடத்தில் நாலுகூட இல்லை.

“இதுக்கு முன்னாடி பதினோரு நம்பர்,” என்றார். “உன் நாற்பத்தேழும் அதுல ஒண்ணு.”

பவுன்ராஜ் அப்போதுதான் உட்கார்ந்தான்.

எட்டு நாள் இருக்கிறது, ஏதாவது வழி சொல்லுங்கள் என்றான். வழி ஒன்றும் இல்லை, ஒரு துண்டு, ஒரு விளிம்பு, வெளிச்சம் வராமல் ராவிக் கொண்டுவா என்றார். ஒரு விளிம்புக்கு எட்டு நாளா, நாலு நாளில் முடித்தால் அடுத்த பாடம் உண்டா என்று கேட்டான். முதலில் முடி என்றார்.

மூன்றாம் நாள் ஒரு துண்டோடு வந்தான். மேடம் மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தார். நடுவில் மயிரிழை மாதிரி வெளிச்சம்.

“இவ்வளவுதானே மேடம். முக்கால்வாசி சரியாயிடுச்சு.”

“என்கிட்ட ஏன் பேரம்? அதுகிட்டப் பேசு,” என்று அந்த இழையைக் காட்டினார்.

ஐந்தாம் நாள் உள்ளங்கை தோல் உரிந்தது. வைஸ் என்கிற இரும்புப் பிடியில் இறுக்கின துண்டு கோணிக்கொண்டே போனது. ஒரு தடவை ராவிக் காட்டுங்களேன் என்று கெஞ்சினான். என் கையைப் பார்த்தால் உனக்குக் குழம்பும் என்று சொல்லிவிட்டு அவர் திரும்பிக்கொண்டார். அவன் எதிரில் ஒருநாள்கூட அவர் அரத்தைத் தொடவில்லை.

ஏழாம் நாள் அவன் பேரம் பேசவில்லை. ராவினான், பார்த்தான். ராவினான், பார்த்தான்.

வெள்ளிக்கிழமை போனான்.

சனிக்கிழமை காலை ஒர்க்‌ஷாப்பில் மேடம் தனியாக இருந்தார். மார்க் பட்டியல் விரிந்து கிடந்தது. பன்னிரண்டாம் நம்பருக்கு எதிரே கட்டம் காலி. பென்சில் கையில்.

பவுன்ராஜ் அந்த இரும்புத் துண்டை மேசையில் வைத்தான். கம்பெனியில் வாதாடி வாங்கி வந்திருந்தான்.

அதிகாரி மூலைமட்டம் வைத்து இரண்டு தடவை திருப்பிப் பார்த்தாராம். வெளிச்சம் வரவில்லை. ஃபிட்டிங்கில் எத்தனை மார்க் என்று மறுபடியும் கேட்டாராம்.

“என்ன சொன்னே?”

“இன்னும் போடலை சார்னு சொன்னேன். ஜூன் மாசம் வந்து சேரச் சொல்லிட்டார்.”

மேடம் தலையசைத்தார்.

“இப்பப் போடுங்க மேடம். அதையும் பக்கத்துல வச்சுப் பார்த்துப் போடுங்க.”

பன்னிரண்டாம் நம்பர் ஜாப்பை அவனே எடுத்துத் தன் துண்டுக்குப் பக்கத்தில் வைத்தான். நம்பர் குத்துகிற முகத்தைத்தான் இத்தனை பேரும் ராவியிருந்தார்கள். விளிம்பை ஒருவரும் தொடவில்லை. முதன்முதலில் ராவின கையின் கோடுகள் அதில் அப்படியே இருந்தன.

அவனுடைய கோடுகள் ஒரு பக்கம் சாய்ந்திருந்தன. பழைய ஜாப்பின் கோடுகள் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தன.

எட்டு நாள் முன்பு இது அவன் கண்ணில் பட்டிருக்காது.

அவன் நிமிர்ந்து மேடம் பென்சில் பிடித்திருந்த கையைப் பார்த்தான்.

இடது கை.

வெளியே யாரோ சைக்கிளை ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டது.

“மூலையில இருக்கிற கீறலுக்கு எத்தனை மார்க் கழிச்சீங்க, மேடம்?”

“ரெண்டு.”

“வருஷா வருஷமா?”

“வேலைக்கு வந்த நாள்லேர்ந்து,” என்றார். “ராவின அன்னைக்கு அவசரப்பட்டுட்டேன். அது மட்டும் இல்லைன்னா நல்ல ஜாப்.”

பவுன்ராஜ் தனக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. இரண்டு செட் பரோட்டாதான் ஞாபகத்துக்கு வந்தது.

தன் துண்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். மார்க் பட்டியலை மூடினான்.

“பேரைச் சொல்ல மாட்டேன், மேடம். அந்தப் பன்னிரண்டாம் நம்பர் பிள்ளையை நான் கூட்டிட்டு வந்து வைஸ் முன்னால நிறுத்துறேன், அது என் பாடு. ஆனா அந்த ஆள் இந்த வாட்டி பென்சிலைக் கீழே வைக்கணும். அரத்தை எடுக்கணும். குழம்பினாக் குழம்பட்டும், இடது கையாலயே ராவிக் காட்டணும்.”