இழுக்கும் நரம்பு

“‘ஃபார்மலின் மாத்தத் தெரியாத ஆளால என் நாலு வருஷம் நாசமாப் போச்சு.’ இப்படித்தானே சொன்னீங்க, அக்கா?” என்று கேட்டாள் இன்பவல்லி.

ஒரு சொல் மாறவில்லை. பிலோமினாவுக்கு அதுதான் சுருக்கென்றது.

“சொன்னேன் மேடம். பொய்யா?”

பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டு, ஐம்பது வயதில் ஆராய்ச்சிக்கு வந்தவள் பிலோமினா. வழிகாட்டி இன்பவல்லியோ அவளைவிடப் பதினைந்து வயது சின்னவள்.

கல்லூரியில் ஃபார்மலின் மருந்தில் போட்டுக் கெடாமல் வைத்திருந்தவை மூன்றே சாலமாண்டர்கள். பல்லி மாதிரி உடம்பு, தவளை மாதிரித் தோல். இரண்டை அறுத்தாயிற்று. பூச்சியைக் கண்டதும் நாக்கை வெளியே எறிகிற நரம்புகள் தலைக்குள் கிடைத்துவிட்டன. நாக்கைத் திரும்ப உள்ளே இழுக்கிற நரம்பைத்தான் காணோம். அழுகிவிட்டது என்று பிலோமினாவே முடிவுகட்டினாள். இருபத்தாறு வருஷமாக ஜாடிகளைப் பார்த்துக்கொள்ளும் உதவியாளர் சங்கிலியை, மாணவிகள் எல்லாரும் பார்க்கக் கிழி கிழியென்று கிழித்தாள்.

“எங்கே தேடினீங்க?”

“தலைக்குள்ளதான். நாக்குக்கு நரம்பு வால்லேர்ந்தா வரும்?”

இன்பவல்லி, அறுத்துப் போட்டிருந்த இரண்டாவது சாலமாண்டரைக் கவிழ்த்தாள். கழுத்துத் தோலை நீக்கி, முதுகெலும்பின் ஓரத்திலிருந்து ஊசிமுனையால் ஒரு வெள்ளை இழையைத் தூக்கினாள். கெட்டியாகத்தான் இருந்தது. முன்பக்கம் நாக்கை நோக்கிப் போய், பாதி வழியில் சட்டென்று முடிந்தது.

பிலோமினா லென்ஸில் குனிந்தாள். அழுகல் இல்லை. சுத்தமான வெட்டு. அவசர அவசரமாகத் தாடையைப் பிளந்த அவள் கத்தி போன தடம்.

“எறியறதும் இழுக்கறதும் ஒரே இடத்துலேர்ந்து வரலையா மேடம்?”

“இல்லக்கா.”

பிலோமினா லென்ஸிலிருந்து நிமிர்ந்தாள்.

“மூணாவதைக் கொடுத்தீங்கன்னா சரியா அறுத்துடுவேன்.”

“ஜாடி சங்கிலி அண்ணன் பொறுப்பு. அவர்தான் கொடுக்கணும்.”

“நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்களேன்.”

இன்பவல்லி ஊசியைத் துடைத்து வைத்தாள்.

“உங்க நாக்கை இழுக்கற நரம்பு என்கிட்ட இல்லையே, அக்கா.”

பக்கத்து அறையில் சங்கிலி ஒவ்வொரு ஜாடியாகத் திறந்து, குறைந்திருந்த மருந்தை நிரப்பிக்கொண்டிருந்தார். காலடிச் சத்தம் கேட்டும் திரும்பவில்லை. பிலோமினா வாசலிலேயே நின்றாள். ஐந்தாவது ஜாடியின் மூடி திருகப்படும்வரை நின்றாள்.

“அண்ணே, வெட்டினது நான்தான். கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்களேன்.”