தயிரில் கோடி குச்சிகள்

குறும்பனூர் சமஸ்தானத்தில் எனக்கு விகடகவி உத்தியோகம். ராஜாவைச் சிரிக்க வைக்க வேண்டும், அரண்மனையில் சாப்பிட வேண்டும். சாப்பாட்டில் நான் ஒருநாளும் குறை வைத்ததில்லை.

ஒருமுறை வெளிநாட்டு டாக்டர் ஒருவர் நுண்ணோக்கியோடு சபைக்கு வந்தார். அரண்மனைத் தயிரில் ஒரு சொட்டைக் கண்ணாடியில் தடவிப் பார்த்துவிட்டு, "இதில் கோடிக்கணக்கில் பாக்டீரியா இருக்கிறது" என்றார்.

ராஜா என் பக்கம் திரும்பினார். "மருதநம்பி, அப்படின்னா என்னய்யா?"

தெரியாது என்று சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. டாக்டரிடம் மெல்ல நகர்ந்து கேட்டேன். "கிரேக்கச் சொல். சின்னக் குச்சி என்று அர்த்தம். ஏனென்றால்..." என்று அவர் ஆரம்பிப்பதற்குள் நான் சபை நடுவில் நின்றேன்.

"கிரேக்க மொழியில் சின்னக் குச்சி, மகாராஜா!"

எல்லோரும் கைதட்டினார்கள். ராஜாவின் முகம் மட்டும் சிவந்தது.

"என் தயிர்ல கோடி குச்சியா? அந்தச் செங்கமலம் விளக்குமாத்தாலயா மோர் கடையறா? நாளை மத்தியானம் ஒரு குச்சிகூட இல்லாம தயிர் வரணும். இல்லேன்னா அவ மூட்டை கட்டட்டும்!"

செங்கமலம் அரண்மனைச் சமையல்காரி. என் தொப்பையே அவள் தயவில் வளர்ந்ததுதான். டாக்டரிடம் ஓடி மிச்சத்தையும் கேட்டுக்கொண்டேன்.

"இதை முதல்லயே சொல்லக் கூடாதா?"

"சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். நீங்கள்தான் அங்கே இல்லை."

சமையல்கட்டில் செங்கமலம் கரண்டியோடு நின்றாள். "கிரேக்கமாம் கிரேக்கம்! என் பொழப்புல மண்ணைப் போட்டீரே!"

"தப்பு என்மேலதாம்மா. பாலை நல்லாக் காய்ச்சி மூடி வை. உறை மட்டும் ஊத்தாதே."

"உறை ஊத்தாம எப்படிய்யா தயிராகும்?"

"ஆகாது. அதுதான் வேணும்."

மறுநாள் ராஜா சாம்பார், ரசம் முடித்துத் தயிருக்குக் காத்திருந்தார். தயிர்சோறு இல்லாமல் அவர் இலையை விட்டு எழுந்ததே இல்லை. நானே பரிமாறினேன். இலையெங்கும் பால் ஓடியது.

"என்னய்யா இது?"

"குச்சி இல்லாத தயிர், மகாராஜா."

"இது பாலுய்யா!"

"ஆமா மகாராஜா. அந்தக் குச்சிங்க உயிருள்ளதுங்க. முதல்ல பார்த்தவங்க கண்ணுக்குக் குச்சி மாதிரி தெரிஞ்சதால அந்தப் பேர். செங்கமலம் ஊத்தற உறைமோர்ல இருக்கறது அதுங்கதான். பாலைத் தயிராக்கறதும் அதுங்கதான். அதுங்க வேண்டாம்னா பால்தான் மிச்சம். பாதி அர்த்தம் சொன்ன முட்டாள் நான். மூட்டை கட்டணும்னா நான் கட்டறேன்."

ராஜா இலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், விழுந்து விழுந்து சிரித்தார். கையிலிருந்த காப்பைக் கழற்றிச் செங்கமலத்திடம் கொடுத்தார். "நீயும் இரு, உன் குச்சிகளும் இருக்கட்டும்!"

வெட்கமில்லாமல் நானும் கையை நீட்டினேன்.

"கண்ணுக்கே தெரியாத குச்சி, உயிர் இருக்குன்னு வேலை செய்யுது. உனக்கும் உயிர் இருக்கில்லே?" என்றார் ராஜா. "போய்ப் பாத்திரம் தேய்!"