எதிர்ப்பக்கமாய் ஒரு சுற்று

மில் முதலாளி தேவசேனாபதி அமெரிக்காவிலிருந்து தருவித்த, 'போனி' ரகம் எனப்படும் சிறிய வேகக் கார், கோவைக்கு வெளியே இருந்த முட்டை வடிவ மண் தடத்தில் தொடர்ந்து ஏழு பந்தயம் ஜெயித்தது. கடையில் வாங்கிய காரை வாங்கியபடியே ஓட்ட வேண்டும் என்பதுதான் அங்கே விதி. லாரியில் வந்து லாரியில் போகும் கார் அது. வேறு சாலையைப் பார்த்ததில்லை.

ஏழாவது கோப்பையோடு அவர் எல்லார் முன்னாலும் சொன்னார்: "ஜெயிச்சது என் கை. கார்ல ஒரு திருகாணியக்கூட யாரும் தொடலை." பிறகு மெக்கானிக் ஆறுச்சாமியிடம் திரும்பினார். "நீ தொடைக்கத்தானப்பா இருந்தே. நாளையிலிருந்து வர வேண்டாம்."

"மூணு வருசம் வேலை செஞ்சிருக்கேனுங்க."

"அப்படியா? பானெட்டைத் திறக்காம, ஸ்பேனரைத் தொடாம, நீ செஞ்ச வேலையை இப்பவே காட்டு பாக்கலாம்."

கூட்டம் சிரித்தது. ஆறுச்சாமி கையைத் துடைத்துக்கொண்டார்.

"எப்பவும் இடது பக்கமாவே சுத்துறீங்க. ஒருக்கா வலது பக்கமாச் சுத்தி வாங்க முதலாளி. வாங்கினபடி இருக்கிற காருதானுங்களே."

தேவசேனாபதி சிரித்தபடி கிளம்பினார். முதல் வளைவிலேயே கார் வலப்புறம் திரும்ப மறுத்து, இடப்புறம் இழுத்துக்கொண்டு போய் மணல் மூட்டைகளில் முட்டி நின்றது. ஸ்பிரிங்கும் சக்கரமும் ஆறுச்சாமியின் கையால் இடது வளைவுக்கென்றே திருத்தப்பட்டிருந்தது எல்லாருக்கும் புரிந்தது.

நடுவர் ஏழு கோப்பைகளையும் திரும்பக் கேட்டார். முதலாளி யாரையும் பார்க்காமல் போனார். இனி அந்தக் காருக்குத் தடத்தில் இடமில்லை.

"முதலாளியவே மடக்கிட்டீங்கண்ணா," என்றார் காரை ஏற்றிவரும் லாரியின் டிரைவர்.

ஆறுச்சாமி உடைந்த முகப்பு விளக்கின் சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"பாவம், இந்தக் காருக்கு வலது பக்கம் திரும்பத் தெரியாது," என்றார். "தெரிஞ்சேதான் அனுப்பினேன்."