கூகையின் நெடில் போன கதை

அந்தக் காலத்தில் காட்டில் எல்லா உயிருக்கும் பேச்சு இருந்தது. ஆனால் பாறை வாய்பிளந்து மலைக்குள் இடம் விட்டிருக்குமே, அதற்கு மட்டும் பொதுவாக ஒரு பெயர் கிடையாது. கரடி அதைக் ‘கல்வயிறு’ என்றது. முள்ளம்பன்றி ‘மலைப்பொந்து’ என்றது. இரண்டும் விட்டுக்கொடுக்காது.

அதில் குடியிருந்தது ஒரு கூகை. ஆந்தைகளிலேயே பெரிய ஆந்தை. இரவெல்லாம் இரை தேடிவிட்டு, பகலில் சற்றுக் கண்ணயரலாம் என்று வந்து இறகை ஒடுக்கியதும் வாசலில் ஆரம்பமாகிவிடும்.

“கல்வயிறு!”

“மலைப்பொந்து!”

“ஐயா சாமிகளா, என்ன பேரு வேணா வைங்க. என் தலைமாட்டுல நின்னு வைக்காதீங்க” என்று கூகை கெஞ்சியது. அதட்டியது. சுவரோடு முகத்தை ஒட்டிக்கொண்டும் பார்த்தது. மறுநாளும் அதே கூத்து.

ஐப்பசி மழை ஒரு தடவை மூன்று நாள் விடாமல் பிடித்துக்கொண்டது. பட்டப்பகலே இருண்டு கிடந்தது. கரடி சொட்டச் சொட்ட வந்து, கேட்காமலே உள்ளே படுத்துக்கொண்டது. போய்த் தொலையட்டும் என்று கூகை கண்ணை மூடிய நேரம் முள்ளம்பன்றி ஓடி வந்தது.

“அக்கா! புள்ளிமான் குட்டியோட ஆத்து நடுத்திட்டுல நிக்குது. தண்ணி ஏறிக்கிட்டே வருது!”

கூகைக்குத் தூக்கம் பறந்தது. “ஏன் நிக்குது? மேல வந்துடச் சொல்லி நேத்தே சொல்லியாச்சே!”

“மலைப்பொந்துக்கு வான்னுதான் சொன்னேன். அது மரப்பொந்தைத் தேடிப் போயிருக்கு.”

“நான் கல்வயித்துக்கு வரச் சொன்னேன்” என்றது கரடி, படுத்தபடியே.

“அதைக் கேட்டுத்தான் பயந்துபோச்சு அண்ணே. எதோட வயித்துக்குள்ள போகணுமோன்னு.”

“மலைப்பொந்துன்னா மட்டும் விளங்கிடுமாக்கும்?”

“கல்வயித்துக்கு அது எவ்வளவோ மேல்!”

“அடப்பாவிகளா!” கூகை கத்தியது. “அங்க ஒரு பச்சைக்குட்டி முழுகப் பாக்குது. இப்பவுமா பேரு? மான் ஏன் இந்தப் பக்கம் நீந்தி வரலே?”

“மழைப்புகையில எந்தப் பக்கம் மலைன்னே தெரியாம முழிக்குது. நான் கூப்பிட்டது அதுக்கு எட்டலே.”

நனைந்த இறகோடு கூகையால் அவ்வளவு தூரம் பறக்க முடியாது. இருப்பது குரல் ஒன்றுதான். மானுக்குக் கூகையின் பெயரும் அது மலையில் இருப்பதும் தெரியும். கேட்டால் திசை பிடித்துக்கொள்ளும். கூகை வாசலில் நின்று “கூகை! கூகை!” என்று கூவியது. மழை இரைச்சல் அதை விழுங்கிவிட்டது. உடனே கூகை மறுபக்கம் திரும்பி, மலையின் உள்ளிருட்டைப் பார்த்து, உயிரைக் கொடுத்துக் கூவியது.

“கூகை!”

பாறை அந்தக் குரலை வாங்கிப் பத்து மடங்காக வெளியே எறிந்தது. எறியும்போது நெடிலைத் தனக்கென்று வைத்துக்கொண்டது.

“குகை... குகை... குகை...”

தொண்டை கட்டும்வரை கூகை நிறுத்தவில்லை. குரல் கம்மி, இனி முடியாது என்று அது உட்கார்ந்தபோது, மான் தள்ளாடி ஏறி வந்தது. குட்டியை முகத்தால் முட்டி முட்டித் தள்ளிக்கொண்டே வந்தது. கூகை சட்டென்று இறங்கிக் குட்டியைச் சிறகுக்குள் இழுத்துக்கொண்டது. அதன் நெஞ்சு படபடவென்று அடிப்பது சிறகுவழியே தெரிந்தது.

“குகை, குகைன்னு கேட்டுச்சு. அதை நம்பித்தான் தண்ணியில இறங்கினேன்” என்றது மான். “இதானே குகை?”

“குகை இல்ல தாயி. கூகை. அது என் பேரு.”

“குகை...” கரடி சொல்லிப் பார்த்தது. “வாய்க்கு நல்லாத்தான் இருக்கு.”

“ஆமா அண்ணே, சுருக்கமாவும் இருக்கு” என்றது முள்ளம்பன்றி. பிறந்ததிலிருந்து அவை இரண்டும் ஒத்துப்போனது அன்றைக்குத்தான்.

“அது என் பேருய்யா! நீட்டிச் சொல்லுங்க! கூ! கூ!”

யார் கேட்டார்கள்? சிறகுக்குள்ளிருந்து குட்டி தலையை நீட்டி, தன் முதல் பேச்சாக, “குகை” என்றது. அதைத் திருத்தக் கூகைக்கு வாய் வரவில்லை.

மழை விட்டதும் கூகை, தன் நெடிலைப் பிடுங்கிக்கொண்ட பாறையோடு இருக்க மனமில்லாமல், ஒரு மரப்பொந்துக்குக் குடிபோயிற்று. அன்று முதல்தான் மலைக்குள் இருக்கும் அந்த இடம் குகை ஆனது. பொழுது சாய்ந்தால் மரத்திலிருந்து கூகை, “கூ... கூ...” என்று நமக்கு இன்னும் நீட்டிச் சொல்லிக் கொடுத்துக்கொண்டே இருப்பதும் அன்று முதல்தான்.