நுரையை வழித்தவள்

“என் பாக்டீரியா ஒண்ணுமே செய்யல, மேடம்” என்றாள் தில்லைநாயகி.

ஜெசிந்தா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

திரவத்தில் கலந்திருப்பதைப் பிரித்து அளக்கும் அந்த இயந்திரத்துக்கு அவள்தான் பொறுப்பு. வயது இருபத்தாறு. தில்லைநாயகிக்கு நாற்பத்து மூன்று. கல்லூரி ஆசிரியை. வாரத்தில் இரண்டு நாள் ஆராய்ச்சிக்காகப் பல்கலைக்கழகம் வருகிறாள். இந்த அறைக்குள் அவள்தான் மாணவி.

திரையில் கோடு நேராகப் போய்க்கொண்டிருந்தது.

தில்லைநாயகி தேடியது ஒருவகைச் சோப்பு, பாக்டீரியா தானே செய்துகொள்வது. விலைக்கு வாங்கிய சுத்தமான சோப்பைச் செலுத்தினால் பதினான்காம் நிமிடத்தில் கோட்டில் ஒரு மேடு எழும். அவளுடைய பாக்டீரியா வளர்ந்த திரவத்துக்கு எழவில்லை. இது மூன்றாவது முறை.

“இன்னிக்கும் பீக் வரலன்னா, அந்தப் பாக்டீரியாவைக் கொன்னுட்டு வேற தலைப்பு எடுக்கச் சொல்லிட்டார் கைடு.”

“எங்க பிடிச்சீங்க அதை?”

“பஸ் டிப்போல. டீசல் சிந்தின மண்ணுல. நாலு வருஷமா அதோடதான் பேசிட்டிருக்கேன்.”

“பதில் சொல்லுதா?”

“நுரைக்குது.”

ஜெசிந்தா முதன்முறையாகத் திரும்பினாள்.

“என் முன்னாடி ஒருவாட்டி சாம்பிள் எடுங்கக்கா.”

தில்லைநாயகி குடுவையைத் திறந்தாள். கழுத்துவரை நுரை. பருப்பு கொதிக்கும்போது செய்வதுபோல அதைக் கரண்டியால் வழித்துக் கழிவு பீக்கரில் தட்டினாள். ஒரு குமிழிகூட விடவில்லை. பிறகு அடியிலிருந்த திரவத்தை எடுத்து வடிகட்டினாள்.

“ரொம்பச் சுத்தம்” என்றாள் ஜெசிந்தா.

“காத்துக்குமிழி உள்ள போனா உங்க மெஷினுக்கு ஆகாதே.”

“ஆகாதுதான்.”

வராந்தாவில் டிபன் பாக்ஸ்களின் சத்தம் கேட்டது. தில்லைநாயகி தன் பையை எடுத்தாள்.

“கேன்டீனுக்கா?”

“இல்ல. படிக்கட்டு.”

“ஏன்?”

“நான் போய் உக்காந்தா ‘மிஸ் வந்துட்டாங்க’ன்னு பசங்க பேச்சை நிறுத்திடறாங்க.”

“உங்க காலேஜ்ல?”

“அங்க, ‘வாங்க விஞ்ஞானி’ன்னு ஒரு சிரிப்பு. அங்கயும் படிக்கட்டுதான்.”

சொல்லிவிட்டுத் தானும் சிரித்தாள். ஜெசிந்தா சிரிக்கவில்லை.

“நீங்க தேடுற பொருள் எப்படிப்பட்டதுக்கா?”

“அதுவா? ஒரு முனைக்குத் தண்ணி பிடிக்கும். இன்னொரு முனைக்குத் தண்ணியே ஆகாது.”

“அப்போ தண்ணிக்கு நடுவுல நிம்மதியா இருக்குமா?”

“எப்படி இருக்கும்? தண்ணியும் காத்தும் தொடுற விளிம்புக்குப் போய் நிக்கும்.” வகுப்பில் சொல்லும் அதே குரல்.

“எத்தனை வருஷமா இந்தப் பாடம் நடத்தறீங்க?”

“பதினெட்டு.”

ஜெசிந்தா கழிவு பீக்கரை மேசையின் நடுவுக்கு நகர்த்தினாள்.

நுரை இன்னும் உடையாமல் இருந்தது. ஒவ்வொரு குமிழியிலும் ஒரு சின்ன ஜன்னல்.

தில்லைநாயகி பையைக் கீழே வைத்தாள். கரண்டியில் ஒட்டியிருந்ததைக்கூட விரலால் வழித்துப் பீக்கரில் சேர்த்தாள். பீக்கரை மூடினாள்.

“இது தண்ணியா அடங்க அரை மணி நேரம் ஆகும். அப்புறம் இதையே மெஷின்ல போட்டுப் பார்ப்போம்” என்றாள் ஜெசிந்தா, தன் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டே.

“எந்தப் படிக்கட்டு, அக்கா?”