வைஃபை மட்டும் போதும்

கண் ஆபரேஷன் முடிந்த மனைவியோடு மதுரை லாட்ஜ் ஒன்றில் வந்து நின்றார் லோடு ஆட்டோ ஓட்டும் இருளப்பன். அவள் உடனே படுக்க வேண்டும். கையில் இருந்ததோ ஆயிரம் ரூபாய்.

"வாடகை ஆயிரத்து ஐந்நூறு. எங்க லாட்ஜுல ஒத்த ரூபா குறைச்சதா சரித்திரமே கிடையாதுய்யா" என்றார் மேனேஜர் சபேசன், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

"சரிங்க சார். செத்த உட்காந்துட்டுப் போறோம். வைஃபை பாஸ்வேர்டு மட்டும் கிடைக்குமா?"

"அது இலவசம்தான், எடுத்துக்க" என்று பெருந்தன்மையாகச் சொன்னார் சபேசன்.

இருளப்பன் சோபாவில் உட்கார்ந்து செல்போனைத் தடவினார். சற்று நேரத்தில் மேனேஜரின் கம்ப்யூட்டர் 'டிங்' என்றது.

"புது புக்கிங்! முதல் தடவைத் தள்ளுபடி போகத் தொள்ளாயிரம். பேரு... இருளப்பனா?"

"நான்தாங்க."

"யாருய்யா உனக்குக் குறைச்சது?"

"நீங்கதான் சார். ரூம் புக் பண்ற ஆப்புல உங்க லாட்ஜ் படத்தைப் போட்டு, வாங்க வாங்கன்னு கூப்பிட்டிருக்கீங்களே!"

சபேசன் சாவியை நீட்டினார்.

"எந்திரி புள்ள, சரித்திரம் மாறிப்போச்சு" என்று மனைவியின் கையைப் பிடித்தார் இருளப்பன்.